கோத்தகிரி: நடையும் கடையும்

வியாழன், இரவு

நீலகிரி என்றாலே ஊட்டி என்று ஆகிவிட்டது. நாங்கள் ஊட்டிக்குப் போகவில்லை. ஞாயிறு வரை கோத்தகிரியிலேயே தங்கப்போகிறோம். எனக்குக் காட்டில் நடக்க வேண்டும், அக்காவுக்குக் கடை பார்க்க வேண்டும், இரண்டுக்கும் இந்தச் சின்ன ஊர் தாராளமாகப் போதும் என்று சொல்லித்தான் அக்காவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

கோபியிலிருந்து புளியம்பட்டி வழியாக மேட்டுப்பாளையம், அங்கே ஒரு டீ, அப்புறம் கோத்தகிரி பஸ். மலை ரயில் குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போய்விடும், கோத்தகிரிக்கு ரயில் கிடையாது, 33 கிலோமீட்டரும் ரோடுதான். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, பஸ்ஸில் வந்தால் அந்த வேலையே இல்லை. ஜன்னல் சீட்டும் கிடைத்தது. அடிவாரத்தில் பாக்குத் தோப்பு முடிந்ததும் ரோடு ஏற ஆரம்பிக்கிறது, குஞ்சப்பனை வருவதற்குள் காது அடைத்துக்கொள்கிறது. பலாப்பழக் காலத்தில் யானைகள் இந்தப் பக்கம் ஏறி வந்துவிடும், ரோட்டோரமே நிற்கும் என்று கண்டக்டர் சொன்னார். அரவேனு தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலைதான், காற்றும் மாறிவிட்டது, அக்கா பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தாள்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா மலை மேற்கே நின்று தென்மேற்குப் பருவமழையைப் பெருமளவு மறித்துவிடுவதால் ஆடி மழை ஊட்டி, கூடலூர்ப் பக்கம் போல இங்கே கொட்டுவதில்லை, ஐப்பசி கார்த்திகையில்தான் இங்கே மழைக்காலம். அதனால் தை மாதம் வந்தால் அருவியிலும் தண்ணீர் இருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

சாயங்காலம் கடைவீதி ஒரு சுற்று. கம்பளி விற்கிற கடை, உரக்கடை, தைல எண்ணெய் பாட்டில்களை அடுக்கிய கடை, நிறைய பேக்கரி. ஒரு பேக்கரியில் வர்க்கி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமாக வாங்க என்றார்கள். விறகு அடுப்பு. மைதாவைப் பிசைந்து, நீட்டி, மடித்து, மறுபடி நீட்டி, கைப்பிடி அளவு பிய்த்துத் தட்டில் அடுக்குகிறார்கள். ஒழுங்கான உருவம் ஒன்றுமே கிடையாது, பிய்த்த வாக்கில் அப்படியே வேகிறது. ஈஸ்ட் போடுவதில்லை. வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா சேர்த்துப் புளிக்கவைத்த ஒன்றை மாவா என்கிறார்கள், அதுதான் மாவை எழுப்புகிறது. 2023-இல் ஊட்டி வர்க்கி என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சூடாகச் சாப்பிட்டால் மேல் ஓடு நொறுங்கி உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிகிறது, உப்பும் இனிப்பும் சரிபாதி. டீயில் நனைத்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

தங்கியிருப்பது ஒரு படுகர் குடும்பத்தின் வீட்டு மாடியில். நீலகிரியில் காலங்காலமாக விவசாயம் செய்கிறவர்கள் படுகர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். இந்த வாரம் அவர்கள் கும்பிடுகிற எத்தையம்மனுக்குத் திருவிழாவாம், அம்மன் கோயில் இருக்கிற பேரகணிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வெள்ளை உடையில் கூட்டம் கூட்டமாக ரோட்டில் நடந்து போவதை மாடியிலிருந்து பார்த்தோம். வீட்டு அம்மாவும் நேற்றுத்தான் போய்வந்தாராம். “காலையில ஏழு மணிக்கு முன்னாடி நடக்கக் கிளம்பாதீங்க தம்பி, கரடி சுத்துது” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

வெள்ளி, இரவு

ஏழரைக்குக் கிளம்பினோம். லாங்வுட் சோலை ஊரிலிருந்து நடக்கிற தூரம்தான். வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கூட ஒருவர் வர, உள்ளே போனோம். மொத்தம் 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலை, வீடுகள், ரோடு, அதற்கு நடுவில் இது ஒன்று தப்பி நிற்கிறது.

சோலைக்காடு பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மரங்கள் ரொம்ப உயரமில்லை, ஆனால் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக் கூரை போட்டுவிடுவதால் உள்ளே வெளிச்சம் மங்கல்தான். அடிமரம் முழுக்கப் பாசி, பாசி மேல் பெரணி, பெரணிக்கு இடையில் ஆர்க்கிட். தரையில் கால் வைத்தால் இலைச்சருகு உள்ளே அமுங்குகிறது. வழிகாட்டி ஒரு கைப்பிடி சருகை அள்ளிக் காட்டினார், மேலே காய்ந்தது, அடுத்த அடுக்கு ஈரம், அதற்கும் கீழே கறுப்பு மண், பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. மழை நின்று வாரக்கணக்காகிறது, அப்படியும் சொட்டுகிறது! மழைத்தண்ணீரை இந்தக் காடு இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டு ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றுக்குக் குடிதண்ணீர் அந்த ஓடைகளிலிருந்துதான். அதனால் உள்ளூர்க்காரர்களே ஒரு கண்காணிப்புக் குழு வைத்துக்கொண்டு, விறகு வெட்டும் குப்பையும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த ஆட்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. நீலகிரிச் சிரிப்பான் முதலில் சத்தமாகத்தான் வந்தது, எங்கிருந்து என்று தேடுவதற்குள் மூன்று நான்கு சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு, அதன் மேலே வெள்ளைக் கோடு, வயிறு செம்பழுப்பு. கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு குட்டி ஈப்பிடிப்பானும் வந்து, புதருக்கு மேலேயே போகாமல், எங்கள் முழங்கால் உயரத்தில் ஒரு குச்சியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. அக்கா மூச்சுக்கூட விடவில்லை. காட்டுக்கு வர இஷ்டமில்லை என்று நேற்றுவரை சொன்னவள் இவள்தான்.

திரும்புகிற வழியில் தேயிலைக்கு நடுவே காட்டுமாடு மந்தை. இடுப்புயரத் தேயிலைக்கு மேலே முதுகுகள் மட்டும் தெரிகின்றன, கால் வெள்ளையாக, காலுறை போட்ட மாதிரி. கொழுந்து பறிக்கிற பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போய் அவர்கள் பாட்டுக்குப் பறித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் இறங்கினோம். படம் எடுக்கக் கிட்டே போகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது சாதுவாக மேய்கிற பசு இல்லை, முட்டினால் பிழைப்பது கஷ்டம்.

மத்தியானம் அக்காவின் முறை. முதலில் கிரீன் ஷாப். கீஸ்டோன் என்ற அறக்கட்டளை 1990-களில் இந்த மலையில் தேன் எடுக்கிற பழங்குடிகளோடு வேலை செய்ய ஆரம்பித்தது, அவர்கள் எடுக்கிற தேனுக்குச் சரியான விலை கிடைக்க வேண்டும் என்பதிலிருந்து வந்தவைதான் இந்தக் கடையும், பிறகு வந்த லாஸ்ட் ஃபாரஸ்ட் நிறுவனமும். அலமாரியில் தேன் வரிசையாக இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுத்தார்கள். முதலாவது இனிப்பு, சாதாரணமாக நமக்குத் தெரிந்தது. அடுத்தது கசக்கிறது! நாவல் பூக்கிற காலத்தில் எடுத்த தேன் இப்படித்தான் இருக்குமாம். நாக்கில் முதலில் இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் கசப்பு. அக்கா அதைத்தான் வாங்கினாள்.

பாறையில் கட்டுகிற பெரிய மலைத்தேனீயின் கூட்டிலிருந்து தேன் எடுப்பது குறும்பர்களின் வேலை. காட்டுக்கொடியை முறுக்கி ஏணி செய்து, மேலேயிருந்து கட்டிவிட்டு, அந்தரத்தில் இறங்கி, புகை போட்டு, தேனீக்களிடம் பாட்டுப் பாடிக்கொண்டே எடுப்பார்கள். மேலே கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் பெரும்பாலும் மச்சான் முறை ஆளாக இருப்பான், தங்கையின் வாழ்க்கையை நினைத்தாவது கையை விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை, கடையில் இருந்த பெண் சொன்னார். அதைக் கேட்டபிறகு அந்த பாட்டிலின் விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

சுவரில் ஆலு குறும்பர் ஓவியங்கள். கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையில் பாறை ஓவியம் இருக்கிறது, அந்த வழியில் வந்த கை. வேங்கை மரப் பிசினில் செம்பழுப்பு, இலைச்சாற்றில் பச்சை. தேன் எடுக்கிற ஆளையே ஒன்றில் வரைந்திருந்தார்கள், ஏணி, புகை, கீழே கூடையோடு ஒருவன், எல்லாம் குச்சி குச்சியாக.

அப்புறம் தோடர் துணி. இதற்குத்தான் அக்கா வந்ததே. வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்புமாக நூல். பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது, சட்டம் போட்டு இழுத்துக் கட்டுவதும் கிடையாது. துணியின் ஊடும் பாவுமான இழைகளை விரலாலேயே எண்ணி ஊசியை விடுகிறார்கள். ஒரு இழை தப்பினால் அந்த வரிசை முழுக்கக் கோணிவிடும். தோடர்கள் போர்த்துகிற பூத்துக்குளியில் வருகிற வேலை இது, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அக்கா தையல் தெரிந்தவள், துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பூவுக்கு எத்தனை இழை என்று எண்ணினாள், அரைமணி நேரம் எண்ணியிருப்பாள். கடைசியில் சால்வை வாங்கக் காசு பத்தவில்லை, கையகலப் பை ஒன்று வாங்கினோம். இதே டிசைனை அச்சடித்துக் கால் விலைக்கு விற்கிற சால்வைகளும் சந்தையில் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தச் சால்வையைவிட இந்தச் சின்னப் பை நூறு மடங்கு மேல். இதில் ஒரு தோடப் பெண்ணின் கண்ணும் நேரமும் இருக்கிறது, கூலியும் அவருக்கே போகிறது.

சனி, இரவு

கோடநாடு போய்வந்தோம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன்பஸ் போகிறது. பக்கத்துச் சீட்டில் ஒரு பெரியவர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். நாங்கள் கோபி, மஞ்சளும் நெல்லும் போடுகிறோம் என்றதும் பேச்சு விலைக்குத்தான் வந்தது. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகிவிடுகிறது என்றார். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வருகிறது. இலை பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போய்விட வேண்டும், வைத்திருந்து விலை ஏறியபிறகு விற்கலாம் என்பதெல்லாம் நடக்காது. மஞ்சளையாவது குடோனில் போட்டு வைக்கலாம். சிறு விவசாயிகளுக்காக இன்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் தொழிற்சாலைகள் இருக்கின்றன, நம்ம ரேஷன் கடையில் ஊட்டி டீ என்று கொடுக்கிறார்களே, அது அவர்கள் தூள்தான். அக்கா அதைக் கேட்டு, “நாங்க வாங்கறதேயில்லீங்களே, இனி வாங்கறோமுங்க” என்று அவரிடமே சொல்லிவிட்டாள்.

கோடநாடு காட்சிமுனை. மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே மாயாறு, பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து. இடப்புறம் தூரத்தில் கர்நாடகத்து மேட்டுநிலம், எதிரே சத்தியமங்கலம் காடு. ரங்கசாமி மலையும் அதன் பக்கத்தில் செங்குத்தாக நிற்கிற பாறைத் தூணும் தெரிகின்றன. பள்ளத்தாக்கின் அடியில் காட்டுக்கு நடுவில் பச்சையாக ஒரு சதுரம், அதுதான் தெங்குமரஹாடா. 1948-இல் கூட்டுறவுச் சங்கமாக ஆரம்பித்த விவசாய ஊர். அங்கே போக வேண்டும் என்றால் பவானிசாகர் பக்கமிருந்து காட்டு வழியாக வந்து மாயாற்றைப் பரிசலில் தாண்ட வேண்டும்.

அதற்கும் அப்பால் வெள்ளியாக ஒரு தண்ணீர்ப் பரப்பு. அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். “டேய், அது நம்ம டேமுடா!”

பவானிசாகர். 1955-இல் கட்டி முடித்த மண் அணை. ஒவ்வொரு வருஷமும் ஆடியில் எங்கள் ஊரில் டீக்கடைப் பேச்சே, டேமில் இன்றைக்கு எத்தனை அடி என்பதுதான். 105 அடிக்கு வந்துவிட்டால் ஊரே நிம்மதியாகும், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள், எங்கள் வயல் அந்த வாய்க்காலில்தான் பாய்கிறது. பேப்பரில் எண்ணாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை இன்றைக்கு முழுசாகப் பார்த்தேன். மாயாறு இங்கே கீழே ஓடி அதில் விழுகிறது, பவானி அந்தப் பக்கமிருந்து வந்து சேர்கிறது, நேற்று கைப்பிடிச் சருகில் சொட்டிய ஈரமும் ஏதோ ஒரு ஓடை வழியாக அங்கேதான் போகிறது. சோலையை வெட்டினால் கோத்தகிரிக்கு மட்டும் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம், கோபியில் நாற்று காயும்.

கோபுரத்தில் ஏற வரிசை இருந்தது, சீக்கிரம் நகர்ந்தது. மதியத்துக்குப் பிறகு மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது, போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

திரும்பும்போது கன்னேரிமுக்கில் இறங்கி சல்லிவன் பங்களா பார்த்தோம். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலை ஏறி வந்து, ஊட்டிக்கு முன்பே இங்கேதான் வீடு கட்டினார். சிவப்பு வர்ணம் அடித்த கட்டடம், உள்ளே பழைய புகைப்படங்கள், பழங்குடிகளின் கருவிகள், பாத்திரங்கள். சின்னதுதான், சீக்கிரம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் டீத்தூள் கடை. கடைக்காரர் அவசரப்படுத்தாமல் மூன்று கிளாஸில் மூன்று விதமாகப் போட்டுக் கொடுத்தார். ஒன்று குருணையாக உருட்டிய சிடிசி, பால் ஊற்றினால் கடுப்பாக வருவது, நம் வீடுகளில் இருப்பது. இன்னொன்று ஆர்த்தடாக்ஸ், இலை இலையாக, பால் வேண்டாம். மூன்றாவது மார்கழி தையில் பறித்த பனிக்காலக் கொழுந்து. குளிரில் செடி மெதுவாக வளர்வதால் இந்த இரண்டு மூன்று மாதத்து இலைக்கு வாசனை அதிகம் என்றார். வாசனை உண்மைதான், ஏதோ பூவை முகர்கிற மாதிரி இருந்தது. அம்மாவுக்குச் சிடிசி ஒரு கிலோ, எனக்குப் பனிக்கால இலை நூறு கிராம்.

ஞாயிறு, வீட்டுக்கு வந்தபிறகு

காலையில் கேத்தரின் அருவி. அரவேனுவிலிருந்து பிரிகிற ரோட்டில் ஆட்டோ, அதற்குப் பிறகு நடை. 250 அடி, இரண்டு தாவலாக விழுகிறது. கோத்தகிரியில் காப்பித் தோட்டம் போட்ட காக்பர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் மனைவி பெயர்தான் கேத்தரின். மழைக்காலம் முடிந்த சமயம் என்பதால் தண்ணீர் நன்றாகவே இருந்தது. பாறையில் உட்கார்ந்து காலை நனைத்தால் எலும்பு வரைக்கும் குளிர்கிறது. இந்த ஓடை கல்லாறாகி மேட்டுப்பாளையம் பக்கத்தில் பவானியில் சேர்கிறது.

ஆனால் பாறை இடுக்கில் உடைந்த பீர் பாட்டில்கள், சிப்ஸ் கவர்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்க்கிறார்கள், அப்படியும் இவ்வளவு. காட்டு விலங்குகள் இறங்கித் தண்ணீர் குடிக்கிற இடத்தில் கண்ணாடியை உடைக்க எப்படி மனசு வருகிறது? எங்களால் முடிந்த அளவு ஒரு துணிப்பையில் பொறுக்கி மேலே கொண்டுவந்து தொட்டியில் போட்டோம். வயிறு எரிந்தது.

பத்து மணிக்கு மார்க்கெட். மண் ஒட்டிய கேரட், பச்சைப் பட்டாணி, மலைப்பூண்டு, மரத்தக்காளி. மரத்தக்காளியை எப்படிச் சமைப்பது என்று அக்கா கேட்டதற்கு, விற்ற அம்மா, “சுட்டு தோல உரிச்சு, காஞ்ச மொளகா உப்பு வெச்சு அரைச்சிடுங்கக்கா” என்று சொல்லி ரெண்டு காய் கூடவே போட்டுக் கொடுத்தார். இன்று ராத்திரி செய்து பார்த்தாயிற்று. சாதாரணத் தக்காளியைவிடப் புளிப்பு, தோசைக்குப் பிரமாதம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தங்குவதற்கு ஊருக்குள்ளேயே படுகர் வீடுகளில் அறை விடுகிறார்கள், சாப்பாடும் அவர்களே போடுவார்கள், முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். டவுன்பஸ் எல்லாப் பக்கமும் உண்டு. நடப்பதெல்லாம் காலை ஏழுக்கு மேல், மாலை ஐந்துக்குள். தேன், துணி எல்லாம் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும் என்று வீட்டு அம்மா சொன்னதிலிருந்து அக்கா அதற்கும் போக வேண்டும் என்கிறாள். எனக்கும் சம்மதம்தான், மலைத்தேன் எடுக்கிற காலமும் அப்போதுதான். சீசன் கூட்டம் அதிகமாக இருக்கும், வாரநாளில் போகிற மாதிரி பார்க்க வேண்டும்.